கீழ்த்தளத்து நஷ்டம்

அன்புள்ள பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம்தான். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனது போல என் பேச்சைக் கேட்பதில்லை.

உன் கடிதம் வந்தது. எல்லாம் அச்செழுத்து, அடியில் கையெழுத்து மட்டும் உன்னுடையது. ஊராருக்குப் போடுவது போல எனக்கும் "மதிப்பிற்குரிய" போட்டிருக்கிறாய். சின்ன வயதில் காய்ச்சலோடு என் மேல் வாந்தி எடுத்தவள் நீ. அதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். இந்த "மதிப்பிற்குரிய"வை மன்னிக்கக் கொஞ்ச நாளாகும்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கீழ்த்தளத்தில் செய்கிற பாட்டில் கழுவும் பிரஷ் நஷ்டத்தில் ஓடுகிறது, துடைப்பமும் மாப்பும்தான் காசு கொண்டுவருகின்றன, அதனால் பிரஷை நிறுத்திவிட்டு மாதக் கடைசியில் மெஷினை எடுக்கப்போகிறோம் என்கிறாய். வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கும் உன் பெரிய பட்டறையில் இடம் உண்டாம். நல்லது, அவர்கள் வயிற்றில் அடிக்கவில்லை. அவர்களில் கம்பி முறுக்குகிற வாயாடி, "அங்க கேன்டீன் இருக்காம் பாட்டி, இனி உங்க டீக்கு விடுதலை" என்றாள். இத்தனை வருஷம் அந்த டீயைக் குடித்த வாய்! மனதில் வைத்திருக்கிறேன்.

உன் புதுக் கணக்கர் வந்திருந்தார். நஷ்டம் எதனால் என்று கேட்டேன். கம்பி, நார், கூலி எல்லாம் கட்டுப்படியாகிறதாம். கீழ்த்தளத்து வாடகைதான் விழுங்குகிறதாம். "இந்தத் தெருவுல யாரும் இவ்வளவு வாடகை தர்றதில்லம்மா. வீட்டுச் சொந்தக்காரர் யாரோ நல்லா தீட்டுறாரு" என்றார். அது நான்தான் என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. தாத்தா காலமான வருஷம், செலவுக்கு என்று ஒரு கவர் நீட்டினாய். நான் கையால் தொடவில்லை. மேசையிலேயே கிடந்து தூசி படிந்தது. பிறகு ஒரு நாள் மெஷினை வண்டியில் ஏற்றிவந்து, "பட்டறையில இடமில்ல பாட்டி, கீழ வச்சுக்கறேன். வாடகை வாங்கிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கறேன்" என்றாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாய். பொய் சொல்லும்போது அதுதான் உன் வழக்கம். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

பிரஷை நிறுத்தினாலும் வாடகை தவறாமல் வரும் என்று எழுதியிருக்கிறாயே, அப்புறம் எதை மிச்சம் பிடிக்கிறாய்? பிரஷ் போய்விடும், நஷ்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்கர் அதைத் துடைப்பத்தின் தலையில் கட்டுவார். அடுத்த வருஷம் துடைப்பமும் நஷ்டம் என்று உனக்கு அச்செழுத்தில் வரும்.

போன மாதம் இரண்டு பெண்களும் சேர்ந்தாற்போல் லீவு, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நானே இறங்கிப் போய், கம்பி மாட்டாமல் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். எண்ணெய் காய்ந்துவிடக் கூடாதே என்றுதான். மறுநாள் நார் வெட்டுகிற நெட்டைக்காரி, நான் அணைக்க மறந்த மெயின் சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாரை எடுத்துக்கொண்டு வெட்ட உட்கார்ந்துவிட்டாள். நல்ல பெண். வாயாடியாக இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பாள்.

ஆகவே இந்த மாதத்திலிருந்து வாடகை அனுப்பாதே. தாத்தா விட்டுப்போனதில் என் ஒரு வயிற்றுக்குக் குறைவில்லை. வாடகையை எடுத்துவிட்டுக் கணக்கரை மறுபடியும் கூட்டச் சொல். அப்போதும் நஷ்டம் என்றால் நிறுத்திவிடு. நான் வாயைத் திறக்க மாட்டேன். திறப்பேன், ஆனால் சாவியைக் கொடுத்துவிடுவேன். அதுவரை வண்டி அனுப்பாதே.

பதில் போனில் வேண்டாம். போனில் "சரி பாட்டி, சரி பாட்டி" என்றே முடித்துவிடுவாய். அப்புறம் நான் வைத்துவிட வேண்டியதுதான். உன் கையால் எழுது, நாலு வரி போதும்.

தொழில் பெருகி நீ நன்றாயிருக்க வேண்டும். உன் வீட்டில் என்றைக்கும் ஆள் சத்தம் குறையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாடகை வேண்டாத
உன் பாட்டி