யானைமலைக்குப் பின்னாடி, ஒரு ஜோடி சாக்ஸ்

பங்குனி, ஞாயிறு ராத்திரி.

கல்யாணமாகி இன்னைக்குத்தான் இவர் என்னை வெளிய கூட்டிட்டுப் போனார். "யானைமலையத்தான் எல்லாரும் பாக்குறாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு பாறை இருக்காம். சமணர் சிலை, சுனை எல்லாம் உண்டாம். நானும் போனதில்ல"ன்னார்.

அடிவாரத்துல ஐயனார் கோயில். அங்கயே செருப்பக் கழட்டிரணும். உச்சி வெயில் வேற. பையிலருந்து புது சாக்ஸ எடுத்து நீட்டுனார். "போட்டுக்க. பாதி ஏறுனதும் பாறை கொதிக்கும், கால் வைக்க முடியாது."

"உங்களுக்கு?"

"பேரையூர் கரிசல்ல நடந்த காலு. எனக்குச் சூடே தெரியாது"ன்னு சிரிச்சுக்கிட்டே வெறுங்காலோட ஏறுனார்.

சூடே தெரியாத மனுசனுக்குப் பாதியில கொதிக்கும்னு எப்படித் தெரிஞ்சுச்சு? எவ காலு சுட்டுச்சு?

சிலையக் காட்டுனார், சுனையக் காட்டுனார். எதுவும் கண்ணுல ஏறல. கேக்கவும் இல்ல. கேட்டா, கூட்டாளி சொன்னான்னு சொல்லுவார். நானும் நம்பித் தொலைப்பேன்.

இப்பப் பக்கத்துல குறட்டை. எனக்குத் தூக்கம் வரல. என் கால் கொஞ்சங்கூடச் சுடல. அன்னைக்குப் பையில சாக்ஸ் இருந்திருக்காது. அவளைத் தூக்கிக்கிட்டுத்தான் இறங்கியிருப்பார்.