அடுப்போரம் வைத்த குடுவை

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அம்மா எதெல்மிரா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் குதிரையும் முழுசாக இருக்கிறோம், நீயும் அந்த நண்டுத் தொழிற்சாலைக் குளிரில் மூக்கு உறைந்து விழாமல் முழுசாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஊரார் வாயால் உனக்குத் தெரிவதற்கு முன்னால் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரிக் கோடையில் பைன் காடு பற்றி எரிந்து கோயில் மணி அடித்தபோது, முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள் என்றார்கள், ஓடினேன், ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் என் இடுப்பில் ஒரு பரங்கிக்காய். நிலப் பத்திரம் இல்லை, நீ கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படம் இல்லை, பரங்கிக்காய். பக்கத்துத் தோட்டத்து ஒர்ஃபெலினா இன்றைக்கும் என்னைக் கண்டால், "என்னடி, பிள்ளை தூங்குதா?" என்று கேட்கிறாள்.

சிரித்துவிட்டாயா, சரி, மற்றதைச் சொல்கிறேன். நெருப்பு நம் திராட்சைக் கொடிகளைத் தொடவில்லை, அப்பா குதிரை பூட்டி வரிசைக்கு வரிசை புல்லில்லாமல் உழுது போட்டிருந்தார், தின்ன ஒன்றும் கிடைக்காமல் வேலியோடு நின்றுவிட்டது. புகை அப்படி நிற்குமா, வந்து காய் நிறம் மாறுகிற நேரமாகப் பார்த்துக் கொடிகள் மேலேயே படுத்துக் கிடந்தது. அது தோலுக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம், பழத்தைத் தின்றால் தெரியாதாம், ஒயினாகும்போதுதான் சாம்பல் நாற்றமாக வெளியே வருமாம். கூட்டுறவுத் தொட்டியில் எல்லார் பழமும் ஒன்றாகத்தானே விழுகிறது, ஒரு வீட்டுப் பழம் கெட்டால் ஊர் ஒயினே கெட்டது. அதனால் வீட்டுக்கு ஒரு கூடை முன்கூட்டியே பறித்து, மிதித்து, கண்ணாடிக் குடுவையில் புளித்துப் பொங்கவிட்டுக் கொண்டுவர வேண்டும், கூட்டுறவுத் தலைவர் தோன் அபெலார்தோ முகர்ந்து சரி என்றால்தான் தொட்டி என்று முடிவாயிற்று. பைன் மரம் நடுகிற கம்பெனிக்காரன் நிலம் கேட்டு வந்து போனதை உனக்கு நான் சொல்லவில்லை. நம் பழத்தைத் தள்ளிவிட்டால் நிலத்தை அவனுக்கே கொடுத்துவிடுவதாக அப்பா குதிரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் பாட்டனுக்குப் பாட்டன் நட்ட கொடிகள், மழையைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவை, அந்த இடத்தில் பைன் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

குடுவையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ராக்குளிரில் பொங்காமல் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அடுப்போரம் வைத்து, வாயில் துணி கட்டி, பச்சைப் பிள்ளையைப் போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கூட்டுறவுக் கொட்டகையில் தோன் அபெலார்தோ குவளையில் ஊற்றி முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், குவளையை ஒர்ஃபெலினாவிடம் நீட்டினார். அவள் முகத்தில் இருந்த கேலியெல்லாம் போய்விட்டது. "புகைதான், நொல்பெர்த்தோ" என்றாள் அப்பாவிடம். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார். ஆறுதலுக்கு என்னைக் கட்டிப்பிடித்த ஒர்ஃபெலினா விடாமல் என் சால்வையை முகர ஆரம்பித்தாள். "அடியே, நீயும் ஒயினும் ஒரே வாசனை அடிக்கிறீங்க! குடுவைய எங்கடி வச்சிருந்தே?" அடுப்போரம் என்றேன். "அந்த ஓட்டைப் புகைபோக்கி அடுப்பா? உன் வீட்டு ரொட்டி, போர்வை, புருஷன் எல்லாமே புகை போட்ட பன்றிக்கறி மாதிரிதானே இருக்கும்!" என்று அவள் கத்த, கொட்டகையே சிரித்தது. தோன் அபெலார்தோ மட்டும் சிரிக்கவில்லை. "அடுப்பா காடான்னு இன்னும் தெரியாது" என்று சொல்லி, புதிதாக ஒரு கூடை பறிக்கச் செய்து அங்கேயே பொங்கவைத்துக் கதவைப் பூட்டிவிட்டார். அந்தக் கதவு திறக்கும்வரை நான் பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம் மகளே. என் அடுப்புப் புகையாகவே இருக்கட்டும், என் பேரைச் சொல்லி ஊர் சிரிக்கட்டும் என்று புனித செபஸ்தியாரிடம் கெஞ்சினேன், பீடம்வரை முழங்காலிலேயே வருவதாக நேர்ந்துகொண்டேன். பயத்தில் அடுப்பே மூட்டவில்லை, வறுத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தோம்.

நேற்றுக் காலையில் திறந்தார்கள். தோன் அபெலார்தோ ஒரு வாய் குடித்துத் துப்பாமல் விழுங்கினார். "போய் வண்டியக் கட்டு, நொல்பெர்த்தோ" என்றார், அவ்வளவுதான், நம் பழத்துக்குத் தொட்டியில் இடம் உண்டு. அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டமாக ஓடினார், அழுததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நீயும் கேட்காதே. திங்கட்கிழமை அறுவடை. ஆனாலும் மாதங்கள் கழித்துக்கூட ஒயினில் புகை தலைகாட்டுவது உண்டாம், காற்று திரும்பினால் இன்னும் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். நீ லீவு கேட்டு ஓடி வராதே, தொட்டி திறக்கும்போது வா, என் பக்கத்தில் நின்று முதல் வாயை நீ குடிக்க வேண்டும், எனக்குத் தைரியம் இல்லை. ஈரக் காலுறையோடு தூங்காதே. கடவுளும் மாதாவும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
எதெல்மிரா

பின்குறிப்பு: நல்ல சேதி வந்த சந்தோஷத்தில் நேற்று மத்தியானம் அடுப்பை மூட்டி மொச்சை போட்டேன். புகையைப் பார்த்துக் கோயில் மணி அடித்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. மொச்சை வேகவில்லை.