வால்வில் சந்தனம்

அக்டோபர் 6
இன்றும் அதே படம். கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், செப்புத் தகட்டின் மேல் அதன் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி உட்கார வேண்டும். நுண்ணோக்கியில் தெரிவதோ கொத்துக் கொத்தாய்ப் புள்ளிகள். என் ஆய்வுக்குப் பொறுப்பான காளிதாசன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "அழுக்கும்மா. கையுறை போடாம தொட்டிருப்ப. படத்த அழிச்சிடு" என்றார்.

கையுறை போடாமல், நானா?

அக்டோபர் 7
அழிக்கவில்லை.

அக்டோபர் 9
பெரிதாக்கிப் பார்த்தேன். கொத்துகளுக்குள் ஆறு ஆறாய் வளையங்கள். விரல் எண்ணெய் இவ்வளவு ஒழுங்காக உட்காருமா? இது நீர். நீர் மூலக்கூறுகள் உலோகத்தின் மேல் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

சாரிடம் சொன்னேன். அப்படியானால் வாயுக் குழாயை நான் சரியாகச் சூடாக்கவில்லை, உள்ளே ஈரம் தங்கிவிட்டது என்றார். நவம்பரில் ஆய்வுக்குழுவுக்குச் சுத்தமான படம் காட்டாவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவை நீட்டிக்க மாட்டார்களாம். எல்லார் முன்னாலும் சொன்னார்.

சூடாக்கினேனே! ஆய்வகத்தில் ஆயுத பூஜை முடிந்த கையோடு நான்தான் குழாயில் சூட்டு நாடாவைச் சுற்றி சுவிட்சைப் போட்டேன். வெள்ளிக்கிழமை வரை ஓடியது. ஓடியதா? வெள்ளி காலை குழாய் ஆறியிருந்தது. நேரம் முடிந்து தானாக அணைந்தது என்றல்லவா நினைத்தேன்.

அக்டோபர் 10
உடம்பெல்லாம் எரிகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஆய்வக உதவியாளர் சைதூனிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறாள்: "அன்னிக்கு சந்தனம் கருகுற வாடை வந்திச்சிலா அக்கா. காளிதாசன் டாக்டர்தான் சுவிட்ச அடச்சிட்டுப் போனாரு. ஒங்ககிட்ட சொல்லலியா?"

எங்கே சொன்னார்? பூஜையில் நுண்ணோக்கி இயந்திரம் முழுக்க ஈரச் சந்தனத்தை அப்பியவர் அவர். வாயு வால்வையும் விடவில்லை. அதன் மேலேயே நானும் நாடாவைச் சுற்றினேன், கருகாமல் என்ன செய்யும்? அணைத்தது தப்பில்லை. ஒரு வாட்ஸ்அப் — ஒரே ஒரு வரி! மறந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். என்னைத் திட்டும்போதுமா ஞாபகம் வரவில்லை?

அக்டோபர் 13
சாரிடமே கேட்டுவிட்டேன். "சாமி காரியம்மா அது. இதப்போயி பெருசாக்குறியே" என்றார். நான் சாமியைக் கேட்கவில்லை, சுவிட்சைக் கேட்டேன் — அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் வந்ததுதான் பொறுக்க முடியவில்லை. வீடு இருக்கும் சுங்கைப் பட்டாணி வரும் வரை மோட்டாரில், ஹெல்மெட்டுக்குள் தனியாகக் கத்திக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 24
வால்வை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி சூடாக்கினேன். தீபாவளி லீவிலும் போய்ப் பார்த்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கோபம். போகட்டும்.

இன்று வாயுவை விட்டேன். தனித்தனிப் புள்ளிகள், கொத்து ஒன்றுகூட இல்லை. அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

நவம்பர் 5
குழுவுக்குப் படம் பிடித்துவிட்டது. பதிவு நீட்டிப்பு உறுதி. ஈரம் இருந்தால் எப்படித் தெரியும், ஒப்பிட ஒரு படம் உண்டா என்று குழுவில் ஒருவர் கேட்டார். சார் என் பக்கம் திரும்பி, "அந்தப் படம்... இருக்காம்மா?" என்றார்.

அந்தப் படமாம். அழுக்கு என்ற சொல்லை எங்கே போட்டார்?

"இருக்கு சார். குழாய்ல ஈரம் எப்படித் தங்குச்சுன்னு கீழ எழுதணும். சுவிட்ச யாரு அடச்சாங்கன்னும்."

"எழுதிடு" என்றார் சார்.

நவம்பர் 6
காலையில் போனபோது, இயந்திரத்தில் மீதி இருந்த சந்தனத்தை சாரே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு துணி கிடந்தது. நான் எடுக்கவில்லை.