ஓட்டில் எறிந்த டைனோசர் பல்

ஐப்பசி 12, புதன் இரவு

கல்லூரியில் நிலவியல் நடத்தும் தோழி ஃபரீதாவிடம், என் பள்ளி வகுப்பில் காட்டுவதற்காக அந்தப் பல்லை இரவல் வாங்கியிருந்தேன். அரியலூர் மண்ணில் கிடைத்த டைனோசர் பல். நாளைக் காலையில் திருப்பித் தர வேண்டும். இப்போது அது என்னிடம் இல்லை.

பிள்ளைகளிடம் நன்றாகத்தான் சொன்னேன். பல்லின் விளிம்பு கருக்கரிவாள் மாதிரி சிறுசிறு வெட்டுகளோடு இருந்தால் அது கறி தின்ற மிருகம். தேய்ந்து தட்டையாக இருந்தால் தழை தின்றது. விழ விழப் புதுப்பல் முளைத்துக்கொண்டே இருக்கும். முன்வரிசையில் என் மகள் நிலாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் அதைச் சாணியில் பொதிந்து பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் எறிந்துவிட்டாள். போன மாதம் அவளுடைய பால்பல்லை, புதுப்பல் முளைக்கட்டும் என்று நான் எறிந்த மாதிரியே.

ஏணி கேட்டு வாங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. ஃபரீதாவிடம் என்ன சொல்வேன்?

சற்றுமுன் போர்வைக்குள்ளிருந்து நிலா கேட்டாள்: “அம்மா, அது கறி திங்கிற பல்லா, தழை திங்கிற பல்லா?”

“கறி திங்கிறதுதான். தூங்குடி.”

“அப்ப பல்லு முளைச்சதும் டைனோசர் நம்ம வீட்டுக்கா வரும்?”

விளக்கை அணைக்க அவள் விடவில்லை. எனக்கும் அணைக்கத் தோன்றவில்லை. பக்கத்து ஓட்டில் ஏதோ உருளுகிறது.