மிஸ்ஸி வீட்டு யன்னல்

ஜூலை 9, செவ்வாய். நெடுந்தீவு.

சோளகக் காற்று கடுமை. குறிகட்டுவானில் படகு பிந்தி வந்தது. ஒரு யன்னலுக்குச் செய்துகொண்டு வந்த கண்ணாடிச் சட்டம் இரண்டையும் பழைய போர்வையால் சுற்றி, முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை.

டெய்சி மிஸ்ஸியின் வீட்டில் தச்சு வேலை. நேர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று, தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறா. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மண்டபத்தில் நான்கு யன்னல்கள், எல்லாம் மேலும் கீழும் ஓடுகிறவை. நிலைக்குள் இரண்டு பக்கமும் கூடு. கூட்டுக்குள், சட்டத்தோடு கட்டிய கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டு. குண்டும் சட்டமும் ஒரே பாரம் என்றால், விட்ட இடத்தில் யன்னல் நிற்கும்.

நிலை பாலை மரம், இன்னும் நல்லாயிருக்கிறது. சட்டங்கள்தான் உப்புக்காற்றில் உக்கிப்போயின. ஊர்காவற்றுறையில் வைத்துத் தேக்கில் புதிதாகச் செய்தேன். எல்லாம் கைவேலை.

நாளைக்கு: கயிறு, மெழுகு, சின்ன ஆணி, கண்ணாடி ஒட்டுகிற புட்டி மிச்சம்.

ஜூலை 10, புதன்.

காலையில் முதலாவது யன்னலை நிலையில் பூட்டியாயிற்று. பத்துத் தரம் ஏற்றி இறக்கினேன். வழுக்கிக்கொண்டு போனது; ஏற்றியபடி விட்டேன். மிஸ்ஸி வந்து பார்த்தா. "கடல் தெரியுது தாசன்" என்று கீழ்க்கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றா.

சட்டம் விழுந்தது.

வலது கை, மூன்று விரல். தூக்கி எடுத்தேன். எனக்குக் கண் இருட்டியது. அவ தண்ணி வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு, "முதல்ல நீர் இரும். பிறகு உம்மையும் நான் தூக்க ஏலாது" என்றா.

மோதிர விரல் மடங்கவில்லை. எக்ஸ்ரே படம் எடுக்க யாழ்ப்பாணம் போகச் சொன்னார் தீவு ஆஸ்பத்திரி டொக்டர். மிஸ்ஸியின் தங்கச்சிக்காரி கூடப் போனா. நானும் வாறன் என்றேன்.

"வந்து என்ன செய்யப் போறீர்? அது ஏன் விழுந்தது எண்டு பாரும்" என்றா மிஸ்ஸி.

ஊரில் பாதிப் பேர் ஊசிக்கும் மருந்து கட்டவும் அவவிடம்தான் வருகிறார்கள். அந்தக் கை.

மனைவி றெஜினாவுக்கு ஃபோன். "சாப்பிட்டனீங்களோ?" ஓம் என்று பொய் சொன்னேன்.

ஜூலை 11, வியாழன்.

யாழ்ப்பாணத்திலிருந்து தகவல் இல்லை. எடுத்தால் மணி மட்டும் அடிக்கிறது.

எல்லாம் கழற்றினேன். பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணை கடல் தொழில். மீன் நிறுக்கிற தராசைத் தந்தார். நிறுத்தேன். விழுந்த சட்டம் அதன் இரண்டு குண்டையும் விட ஒன்றரைக் கிலோ கூட. கண்ணாடி! காத்துக்குத் தாங்கட்டும் என்று தடிப்பானதைப் போட்டவன் நான். குண்டு பழசு, பழைய மெல்லிசுக் கண்ணாடிக்கு அளந்தது. புதுக் கயிற்றின் இறுக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. நிறுக்காமல் பூட்டிய மடையன் நான்.

"வலைக்குக் கட்டுற ஈயம் கிடக்கு, கொண்டுபோம்" என்றார் அண்ணை. ஒவ்வொரு குண்டோடும் முக்கால் கிலோ ஈயம் சேர்த்துக் கட்டினேன். ஏற்றி விட்டேன். நின்றது. கீழே என் கையை வைத்துக்கொண்டு நிலையைக் குலுக்கினேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் கூட வந்து நின்ற அண்ணை.

"ஓம் அண்ணை."

சட்டம் அசையவில்லை.

பின்னேரம் தங்கச்சிக்காரி எடுத்தா. "எலும்பு உடையேல்லை. வீக்கம்தான். ரெண்டு கிழமையில சரி வருமாம்." நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். பிறகு முகம் கழுவி, இரண்டு கோப்பை புட்டு.

ஜூலை 13, சனி.

மிஸ்ஸி வந்துவிட்டா. கையில் கட்டு. வாசலிலேயே சொல்லிவிட்டேன். "பிழை என்னிலதான் மிஸ்ஸி. பாரம் பாக்காமல் பூட்டிப்போட்டன். மற்ற மூண்டுக்கும் மெல்லிசுக் கண்ணாடி போடுறன்."

மிஸ்ஸி இடது கையால் யன்னலை ஏற்றினா, பாதியில் விட்டா. நின்றது. பிறகு முழுதாகச் சாத்தினா. வெளியில் பனையெல்லாம் பேயாட்டம். உள்ளே அந்த யன்னலோடு தொங்கிய கலண்டர்த் தாள்கூட ஆடவில்லை.

"இதே கண்ணாடிதான் வேணும். இந்த வீட்டில சோளகத்துக்க நான் நித்திரை கொண்டதே இல்லை."

அதே இடத்தில் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. ஐந்து நிமிடம் இராது, குறட்டை. உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்தேன்.