டில்லி ரயிலுக்குக் கட்டிய சாப்பாடு

கோதுமை ஒரு வாய் உள்ளே போனாலே விஜயராகவனுக்கு வயிறு கெட்டுவிடும். "டில்லிக்குத் தனியா போய்ட்டு வர எனக்குத் தெரியும்" என்று முதல் நாள் மனைவி சூடாமணியிடம் கத்தியிருந்தார். மதியம் மந்தைவெளி வீட்டுக்கு வந்தபோது அவள் இல்லை. டிபன் கேரியர் மேல் ஒரு சீட்டு இருந்தது.

"எலுமிச்சை சாதத்தை இன்னிக்கே சாப்பிட்டுடுங்கோ. அரிசி அடை நாளைக்கு. யாராவது பூரி நீட்டினா, போன தடவை மாதிரி கூச்சப்பட்டுண்டு வாங்கிக்காதேங்கோ. சாவியை எதிராத்து மாமிகிட்ட குடுத்துடுங்கோ."

அடியில் நெருக்கி எழுதியிருந்தாள்: "நானும் டிக்கெட் எடுத்துட்டேன். ஸ்கூல்ல லீவு சொல்லிட்டு நேரா சென்ட்ரலுக்கு வந்துடறேன். ஆனா உங்களோட பேச மாட்டேன்."

விஜயராகவன் சமையலறைக்குப் போய் இன்னொரு தட்டையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.