நாற்பது கிலோ பலகை

ஜூன் 2, ஞாயிறு

இன்று கடல் என்னை வெளுத்து வாங்கிவிட்டது. மேலுதடு கிழிந்தது, முன்பல் ஒன்று ஆடுகிறது. தப்பு என்னுடையதுதான். அலை வரும்போது சர்ஃப் பலகையை எனக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன், பெரிய வீராங்கனை மாதிரி. அலை அதைத் தூக்கி என் மூஞ்சியிலேயே அறைந்தது. பலகை வாடகைக்கு விடும் அக்கா ஓடி வந்து, "எத்தனை தடவை சொல்றது? பலகைய பக்கத்துல பிடி, முன்னாடி பிடிக்காத!" என்று திட்டிக்கொண்டே வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு சிரித்தாள். நானும் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தேன்.

வாடகைக்கு எடுத்து மாளாது. வாரம் முழுக்க லாண்டரியில் ஓட்டல் படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் தள்ளிச் சம்பாதிப்பதை ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் விடுகிறேன். சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும். பழசு போதும். உடையாமல் இருந்தால் சரி.

வீட்டில் அண்ணி ஐஸ் எடுத்து வந்தாள். "நேரா வெக்காத, தோல் ஒட்டிக்கும். துணில சுத்தி வெச்சு வெச்சு எடு. முதல்ல நீலமாகும், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். பயப்படாத." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் அறைக்கும் அண்ணன் அண்ணி அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

ஜூன் 5

இஸ்திரி போடாத சட்டைக்காக அண்ணன் அண்ணியை அறைந்தான். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். "நான் போட்டுத் தரேண்ணா" என்றேன். "நீ உன் வேலையப் பாரு" என்றான், டீ வேண்டாம் என்று சொல்வதுபோல. டைல்ஸ் கடையில் இவனைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். வருகிறவர்கள் எப்படிக் கத்தினாலும் இவன் குரல் உயராதாம். வீட்டிலும் உயராது. கைதான் உயரும்.

ஜூன் 9, ஞாயிறு

என் பல்லைப் பார்த்த டாக்டரே பழைய பலகை ஒன்றை விற்கிறார். பல்லையும் ஆட்டிவிட்டு, பல்லை உடைக்கிற சாமானையும் விற்கிறவர்! கிளினிக் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். சிவப்பு. குட்டை. மூக்கு கூர். ஃபைபரில் செய்தது, தட்டினால் டொக் டொக் என்கிறது. பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் யானை விலை.

படம் எடுத்து வாடகை அக்காவிடம் காட்டினேன். "இது ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு. உனக்கு நிக்கவே வரல. குட்டைப் பலகை உன்னைத் தாங்காது. கவுந்தா அந்த மூக்கு கண்ணுல ஏறும். முதல் பலகைன்னா நீளமா, அகலமா, தடியா, மேல மெத்துனு ஃபோம் போட்டதா இருக்கணும். பாக்கக் கேவலமாத்தான் இருக்கும். ஆனா நீ முழுசா வீடு போய்ச் சேருவ." அவளிடமே பழைய ஃபோம் பலகை ஒன்று இருக்கிறது. நீலம். வால் பக்கம் நாய் கடித்த மாதிரி பிய்ந்திருக்கிறது. அழகு மருந்துக்கும் கிடையாது.

சாப்பிடும்போது இரண்டையும் பற்றிச் சொன்னேன். "சிவப்பையே வாங்கு, அதான் கெத்து" என்றான் அண்ணன். அண்ணி, "மூஞ்சி முக்கியமா கெத்து முக்கியமா?" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள்.

ஜூன் 15

நீலத்தையே வாங்கிவிட்டேன். என் கை பலத்துக்கும் பை பலத்துக்கும் இதுதான். எட்டடி. ஒற்றைக் கையில் இடுக்கிக்கொண்டு வரலாம், அவ்வளவு லேசு. லாண்டரியில் கழித்துப்போட்ட வெள்ளை விரிப்பைத் தைத்து உறை போட்டுக் கொண்டுவந்தேன். மாடிப்படி திருப்பத்தில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா, "யாரு போயிட்டாங்க?" என்றாள்.

நடைவழியில் சாய்த்து வைத்தேன். அண்ணன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்தச் சனியன் என் வழியில நின்னுச்சுன்னா தூக்கி வெளிய போட்ருவேன்" என்றான்.

ஜூன் 16, ஞாயிறு

நின்றேன்! ஒரு அலையில், கரை வரை, நின்றேன். அதற்கு முன்னால் முப்பது தடவை விழுந்திருப்பேன். மணலில் முட்டி தேய்ந்தது, காதுக்குள் தண்ணீர் அடித்தது, ஒரு அலை என்னைப் பிடித்துக் கீழேயே வைத்திருந்தது. பலகை இரண்டு தடவை என் தலையில் விழுந்தது. தலையணை விழுந்த மாதிரி. கடல் எவ்வளவு அடித்தாலும் அதற்கு என்மேல் கோபம் இல்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசிக்க வேண்டியதில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறதோ?

ஜூன் 20

அண்ணியின் தலையணை உறையில் ரத்தம். வெந்நீரில் போடப் போனாள். பிடுங்கிப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தேன். லாண்டரியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதுதான் — சூடு பட்டால் ரத்தக்கறை போகாது. இருவரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 23

தையல்காரம்மா அண்ணியின் புருவத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். அண்ணி, "இவளோட பலகை சாய்ஞ்சு விழுந்துடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். தையல்காரம்மா என்னைப் படிக்கட்டில் பிடித்து, பொறுப்பில்லை, கல்யாணமாகாத திமிர் என்று ஒரு பாட்டம் திட்டினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அண்ணியிடம் கத்தினேன். "வேற யார் மேல போடறது?" என்றாள். அண்ணனுக்கு அந்தப் பொய் ரொம்பப் பிடித்துவிட்டது. "பரவால்லயே, பலகையால ஒரு பிரயோஜனம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பிடித்துத் தரையில் தேய்க்க வேண்டும்போல இருந்தது.

ஜூன் 27, வியாழன்

எழுதணும். எழுதலன்னா நாளைக்கு நானே இல்லைன்னு சொல்லிடுவேன்.

ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன். கதவு திறந்திருந்தது. அவன் அவ முடியைக் கொத்தாப் பிடிச்சிருந்தான். சத்தமே இல்ல, அவனும் கத்தல, அவளும் கத்தல. கதவு நிலையில மூஞ்சியை மோதினான். ஒரு தடவ. ரெண்டாவது தடவ ஏதோ உடைஞ்ச சத்தம் கேட்டுது. நான் பையைப் போட்டுட்டு அவன் முதுகுல ஏறிக் கடிச்சேன், தோள்ல, சட்டையோட, வாயெல்லாம் ரத்தம் வர்ற வரைக்கும். என்னைச் சுவத்துல அடிச்சு உதறினான். அப்புறம் அவளைப் பார்த்தான். "ஐயோ" என்றான். நிஜமாவே பயந்துபோய். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஆஸ்பத்திரியில் அவனே பேசினான். "தங்கச்சியோட சர்ஃப் போர்டுங்க. சாய்ஞ்சு இவ மேல விழுந்துடுச்சு." என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். டாக்டரம்மா, "போர்டு என்ன கனம் இருக்கும்?" என்றாள். "நாப்பது கிலோ இருக்குங்க" என்றான். எரும மாடு! தூக்கியே பார்க்காதவன்! அவள் அண்ணியின் கழுத்தில் இருந்த விரல் தடங்களைப் பார்த்தாள், என் மணிக்கட்டைப் பார்த்தாள், "கன்னத்து எலும்பு உடைஞ்சிருக்கு. போலீசுக்குச் சொல்லணும், அதான் விதி" என்றாள். என்னிடமும் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏன்? நாக்கு எங்கே போச்சு எனக்கு?

ஜூன் 28

அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். அண்ணன் முந்திக்கொண்டுவிட்டான். "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். அப்பா போனப்புறம் உன்னப் படிக்க வெச்சவன் அவன். அவன் உள்ள போனா நம்ம கதி? தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, உனக்கு ஆடலையா?" என்றாள். ஆடுது. அதுதான் பிரச்சனையே. என் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட நடந்தவன் இவன்தான். அவனை எனக்குத் தெரியும். அவன் அடுத்த தடவை என்ன செய்வான் என்றும் தெரியும்.

போலீசம்மா செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து பலகையைப் பார்க்கிறாளாம்.

ஜூன் 30, ஞாயிறு

கடலுக்குப் போகவில்லை. அண்ணன் நடைவழியில் பலகை விழும் மாதிரி சாய்த்து ஒத்திகை பார்த்தான். போலீசுக்குத் தெரியட்டும் என்று உறையைக் கழற்றினான். கட்டைவிரல் உள்ளே அமுங்கியது. மறுபடி அமுக்கினான். தூக்கினான், ஒற்றைக் கையில் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள் — நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. விட்டான் ஒரு அறை, காது ஙொய்ங் என்றது. சிரிப்பு அப்போதும் நிற்கவில்லை.

"பஞ்சுலயாடி பலகை வாங்கின?"

"நாப்பது கிலோ பஞ்சு" என்றேன். இன்னொரு அறை.

பிறகு உட்கார்ந்தான். பர்ஸை எடுத்தான். அவன் மூளை ஓடுவது எனக்கே கேட்டது. "அந்தப் பல் டாக்டர்கிட்ட சிவப்பு ஒண்ணு இருக்குன்னியே, கட்டியா. நாளைக்குப் போய் வாங்கிட்டு வா. இந்த உறையப் போட்டு நிறுத்து. கேட்டா இதுதான்னு சொல்லு." நோட்டுகளை என் கையில் திணித்தான். "நீ ஆசைப்பட்டதுதானே அது. அண்ணன் வாங்கித் தரேன்னு வெச்சுக்க."

அண்ணன் வாங்கித் தரேன்னு வெச்சுக்கவாம். தூ.

ஜூலை 1

லாண்டரி முடிந்து கிளினிக்குக்குப் போனேன். சிவப்புப் பலகை அங்கேயேதான் இருந்தது. இவ்வளவு நாள் விற்காமல் கிடந்ததால் டாக்டர் விலையும் குறைத்தார். கையில் பணம் இருக்கிறது. வாங்கினால் அண்ணன் தப்பிப்பான், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள், எனக்கு வீடு இருக்கும். ஒரு பலகை, அவ்வளவுதான். அதன் ஓரத்தைக் கையால் தடவினேன். இதில் கன்னம் உடையும், யாரும் நம்புவார்கள். அடுத்த தடவையும் நம்புவார்கள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணியால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. ஒரு கண் மூடியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பணத்தையும் காட்டினேன். பேசாமல் இரு என்று சொல்வாள், எங்கே போவேன் என்று அழுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டுகளை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"என்னை உடைச்சதுக்கு அவர் இதுவரைக்கும் செலவே பண்ணல" என்றாள், பல்லைக் கடித்த மாதிரி. "இதான் முதல் தடவை." பிறகு, "வாங்காத."

அங்கிருந்து நேராக வாடகை அக்காவிடம் போனேன். கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது. அண்ணன் கொடுத்த பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டேன். அக்கா எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தாள்.

பயமா இருக்கு. கொன்னுடுவான்.

ஜூலை 2

போலீசம்மா வந்தாள். நான் வாங்கி வந்துவிட்டேன் என்றே அண்ணன் நினைத்திருந்தான். பழையதையே மறுபடி உறைக்குள் போட்டு நிறுத்தியிருந்தேன்; ராத்திரி கேட்டபோது தலையை ஆட்டினேன், அவன் உறையைத் தொட்டுப் பார்க்கவில்லை. திருந்தாத ஜென்மம். "இதாங்க மேடம்" என்று அவனே மரியாதையாகக் காட்டினான். நான் முடிச்சை அவிழ்த்து உறையை இறக்கினேன். நீலம்.

"அமுக்கிப் பாருங்க மேடம்" என்றேன். அவள் விரல் அமுங்கியது. "இது அவங்க மேல விழல. இவன்தான் மோதினான், இந்தக் கதவு நிலையில. நான் பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். இதுக்கு முன்னாடியும் பார்த்திருக்கேன்." சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. கீழ்வீட்டில் தையல் மெஷின் நின்றுபோனது.

அண்ணன் போலீஸ் நிற்பதையும் மறந்து என்மேல் பாய்ந்தான். தொண்டையைப் பிடித்தான். அந்தத் தங்கமான முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. முட்டியால் உதைத்தேன். நகத்தால் கிழித்தேன். அவன் செத்தாலும் பரவாயில்லை என்றுதான் கிழித்தேன், பொய் சொல்ல மாட்டேன். போலீசம்மாவும் கூட வந்தவரும் அவனைத் தரையில் அமுக்கினார்கள். "அவ என் தங்கச்சிங்க" என்றான் அவர்களிடம், மூச்சு வாங்க. அடிக்கிற உரிமை இருக்கிற மாதிரி.

ஜூலை 3

எச்சில் விழுங்க முடியவில்லை. அம்மா போன் செய்தாள். "நீ எனக்குப் பொறக்கவே இல்ல." வைத்துவிட்டாள். அழுதேன். ஆடுது, அம்மா. ஆடிக்கிட்டேதான் இருக்கு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது இங்கே வந்திருக்கிறான், கையில் டைல்ஸ் வெட்டுகிற பிளேடோடு. அக்கா கடைக்கு மேலே அண்ணியும் நானும் இருக்கிற அறைக் கதவை உதைத்திருக்கிறான். அண்ணி உள்ளே கட்டிலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, தானே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுத் தன் பெயரைச் சொல்லி, புருஷன் பெயரைச் சொல்லி, "கொல்ல வந்திருக்கார்" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் வருவதற்குள் அவன் படிக்கட்டில் வைத்திருந்த என் பலகையைக் கண்டம் துண்டமாக வெட்டிப் போட்டான். நான் வரும்போது தெருவெல்லாம் நீலத் துணுக்கு பறந்துகொண்டிருந்தது. அவனை மறுபடி பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள், ஜாமீனை ரத்து செய்யக் கோர்ட்டில் கேட்கப்போகிறார்களாம். அண்ணி புகாரில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

துணுக்குகளைப் பெருக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. "என் முதல் பலகை அண்ணி" என்று தேம்பினேன். "அழு, அழு. அப்புறம் வேற பார்க்கலாம்" என்றாள்.

இப்போது அவள் அக்காவின் கடையில்தான் உட்காருகிறாள். கன்னத்துக்குள் தகடு வைத்திருக்கிறார்கள், தண்ணீரில் இறங்க இன்னும் நாளாகும். பழைய பலகை விற்கிற ஒருவரை இன்று அக்கா எனக்காக வரச் சொல்லியிருந்தாள். அவர் வண்டியிலிருந்து வெள்ளைப் பலகை ஒன்றை இறக்கி, "ஒரு கீறல் இல்ல, அப்படியே புதுசு" என்றார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அக்காவுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அண்ணி எழுந்து வந்து அதன் ஓரமாக உள்ளங்கையை மெதுவாக ஓட்டினாள். ஒரு இடத்தில் நின்றாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"வேணாங்க. இங்க உள்ள உடைஞ்சிருக்கு, மேல பூசி மறைச்சிருக்கீங்க" என்றாள். "அடுத்தத இறக்குங்க."